தோணித்துறைச் சந்து

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் எங்கள் வீட்டுக்குத் தெற்கே எட்டடி அகலத்தில் ஒரு சந்து இருந்தது. ஒரு முனையில் கடைத்தெரு, மறுமுனையில் உப்பனாறு. ஆற்றுக்கு இறங்க ஆறு கருங்கல் படிகள். அந்தப் படிகளுக்குத்தான் தோணித்துறை என்று பெயர். அக்கரையில் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த குப்பத்திலிருந்து பெண்கள் மீன்கூடையோடு தோணியில் வந்து அங்கே இறங்குவார்கள். எங்கள் சுவரை உரசிக்கொண்டு சந்து வழியாகக் கடைத்தெருவுக்குப் போவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், ரேஷன் மண்ணெண்ணெய்க்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் வழி.

என் சின்ன வயது முழுவதும் நான் விழித்தது அந்தச் சந்தின் சத்தத்தில்தான். முதலில் தோணி படியில் இடிக்கும் சத்தம் கேட்கும். பிறகு ஈரக் காலடிகள். பிறகு சமையலறை ஜன்னலுக்கு வெளியே தைலம்மாளின் குரல்: "பாயம்மா, கெளுத்தி இருக்கு, நெத்திலி இருக்கு, என்னா வேணும்?" தைலம்மாள்தான் தோணிக்காரி. புருஷன் கடலோடு போன பிறகு அவருடைய தோணியை அவளே தள்ள ஆரம்பித்திருந்தாள். மீன் அவள் தங்கை சின்னம்மாளுடையது. ஆனால் கூவுவது எப்போதும் தைலம்மாள்தான், ஏனென்றால் சின்னம்மாளுக்குக் குரல் எழும்பாது.

வாப்பா எனக்கு ஏழு வயதிருக்கும்போதே மவுத்தாகிவிட்டார். வீட்டில் உம்மாவும் ஒரே மகளான நானும் மட்டும். உம்மாவின் பெயர் அஜீசுன்னிசா. வீடு உம்மாவின் தகப்பனார் வழி வந்தது. பாதி உம்மாவுக்கு, பாதி உம்மாவின் தம்பி அப்துல் வதூது மாமாவுக்கு. மாமா குவைத்தில் இருந்ததால் முழு வீட்டையும் நாங்கள்தான் புழங்கினோம்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பதினைந்து வயது. ஆறு எதிர்த்திசையில் ஏறி வந்து எங்கள் பின்வாசல் வழியாகக் கூடத்துக்குள் நுழைந்து, இடுப்பளவு நின்றுவிட்டு இறங்கியது. தைலம்மாள் அன்று மூன்று நடை வந்தாள். மூன்று நடையிலும் தோணி கொள்ளாத ஜனம். உம்மா சந்துப்பக்கக் கதவைத் திறந்து வைத்து வந்தவர்களையெல்லாம் மாடிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். நான்காவது நடைக்குப் போன தைலம்மாள் தன் மாமியாரைத் தேடிக் கிடைக்காமல் வெறும் தோணியோடு திரும்பினாள். அதற்குப் பிறகு சில மாதங்கள் அவள் ஜன்னலுக்கு வெளியே கூவவில்லை. மீனும் யாரும் வாங்கவில்லை.

நனைந்த காகிதங்களையெல்லாம் உம்மா மாடியில் காயப்போட்டு, ஒரு தகரப் பெட்டியில் அடைத்துச் சிதம்பரத்துக்குக் கொடுத்தனுப்பினார். அங்கே லால்கான் தெருவில் வாப்பாவின் தங்கை இருந்தார். இனி ஆறு வந்தாலும் அவ்வளவு தூரம் வராது என்று உம்மா சொன்னது நினைவிருக்கிறது. பிறகு நான் சிதம்பரத்தில் காலேஜ் சேர்ந்தபோது அந்த மாமி வீட்டில்தான் தங்கினேன். சனிக்கிழமை பஸ் ஏறி ஊருக்கு வருவேன். அகலப்பாதை போடுவதற்காக ரயிலை நிறுத்திவிட்டிருந்த வருடங்கள் அவை.

2007இல் மாமா ஒரேயடியாக ஊர் திரும்பினார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு லீவுக்கும் எனக்கென்று தனியாக ஒரு பார்சல் கட்டிக்கொண்டு வருவார். பேனா, கால்குலேட்டர், ஒருமுறை குளிரே இல்லாத எங்கள் ஊருக்கு ஒரு கம்பளிக் கோட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

வந்த மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுகைக்குப் போக மாமா சந்துப்பக்கக் கதவைத் திறந்தார். வாசற்படியில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் நகருங்கள் என்றார். நகர்ந்து வழிவிட்டார்கள். தொழுதுவிட்டு வந்தபோது பழையபடி உட்கார்ந்திருந்தார்கள். இது தினமும் நடந்தது. ஒரு நாள் சின்னம்மாள் அவருடைய செருப்பின் மேல் கூடையை வைத்துவிட்டாள். மாமா வெறுங்காலோடு பள்ளிவாசலுக்குப் போனார்.

அன்று சாப்பிடும்போது உம்மாவிடம் சொன்னார். அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவார்.

"லாத்தா, இருபத்திரண்டு வருஷம் பதினாறு பேரோட ஒரே ரூம்ல படுத்தேன். என் கட்டிலைச் சுத்தி ஒரு போர்வையைக் கட்டி வச்சிருந்தேன், அதான் என் சுவரு. சொந்த ஊர்ல சாத்திக்கிறதுக்கு ஒரு கதவு வேணும்னு நெனச்சேன். அது தப்பா?"

உம்மா தப்பில்லை என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? சோற்றை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அடுத்த ஆண்டு ஆடி மாதத்தில் ஆற்றங்கரை முழுவதும் நோட்டீஸ் ஒட்டினார்கள். புதிதாக விதிகள் வந்திருந்தன. இனிமேல் கண்ட இடத்தில் படகு கட்டக்கூடாது. பொதுத் துறைகள் என்று ஒரு பட்டியல் போடுவார்கள், அதில் உள்ள இடங்களில் மட்டும்தான் படகு அணையலாம். பட்டியலில் சேர வேண்டுமானால் துறைக்குப் போகும் வழி பொது வழியாக இருக்க வேண்டும். தனியார் நிலத்தின் வழியாகப் போகும் துறைகளை வேலி போட்டு அடைத்துவிடுவார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் விசாரணையில் சொல்லலாம்.

எங்கள் படிகளை விட்டால் அடுத்த துறை வடக்கே இரண்டு கிலோமீட்டரில் இருந்த புதிய மேடைதான். மீன்கூடையை ஷேர் ஆட்டோவில் ஏற்ற மாட்டார்கள். தலைச்சுமையாக நடந்து கடைத்தெருவுக்கு வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும், மீன் குழைந்துவிடும். தைலம்மாள் ஜன்னலுக்கு வெளியே நின்று இதையெல்லாம் உம்மாவிடம் சொன்னாள். அழவில்லை, கெஞ்சவில்லை. தனக்குப் படிக்கத் தெரியாததால் நோட்டீஸில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு போனாள்.

மாமா நேராக சர்வே படத்தின் நகல் எடுக்கப் போனார். படத்தில் அந்தச் சந்து எங்கள் வீட்டு எண்ணோடு சேர்ந்தே கிடந்தது. தனிக்கோடு இல்லை. அன்று மாமாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்த வாரமே பண்ருட்டி ரோட்டில் ஒரு பட்டறையில் சொல்லி இரும்புக் கதவு ஒன்று செய்து கொண்டுவந்தார். பச்சைப் பெயின்ட் அடித்து, காய்வதற்காகக் கூடத்துச் சுவரில் சாத்தி வைத்தார். சந்தின் கடைத்தெரு முனையில் மாட்டுவதாக ஏற்பாடு.

மீதி இருந்தது ஒரே ஒரு காகிதம். உம்மாவின் வாப்பா தன் அண்ணன் தம்பிகளோடு பாகம் பிரித்தபோது எழுதிக்கொண்ட கூர்ச்சீட்டு. அவர்களுக்குள் எழுதிக்கொண்டதுதான், ரிஜிஸ்டர் ஆனதில்லை. வேறு நகலும் கிடையாது. நான்கு பக்கத்து எல்லையும் அதில்தான் எழுதியிருந்தது. விசாரணைக்கு அதையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். தகரப் பெட்டி சிதம்பரத்தில் இருந்ததால் அதை எடுத்து வரும் வேலை எனக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை மாமா எனக்கு போன் செய்தார். சீட்டைப் பத்திரமாகக் கொண்டுவா, முதலில் என்னிடம் கொடு, உம்மாவுக்கு நான் காட்டிக்கொள்கிறேன் என்றார். சரி மாமா என்றேன்.

பஸ் பி.முட்லூர் தாண்டியதும் நான் சீட்டைப் பிரித்தேன். சுனாமித் தண்ணீர் பட்டு மசி எல்லாம் பழுப்பாகப் பரவிக் கிடந்தது. வடக்கு, மேற்கு, கிழக்கு எல்லைகள் தெளிவாக இருந்தன. தெற்கு எல்லையில், "தோணித்துறைக்குப் போகும்" என்று இருந்தது. அடுத்து ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்புக் கறை. அதற்கு அடுத்து "வழி." நடுவில் இருந்த வார்த்தை போய்விட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். அது என்ன வழி என்று காகிதம் சொல்லவில்லை.

புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் எல்லாம் போனது எனக்குத் தெரியவில்லை. சிப்காட் ரசாயன ஆலைகளின் வாடை மூக்கில் ஏறியபோதுதான் ஊர் வந்துவிட்டது என்று உறைத்தது. மாமாவிடம் கொடுத்தால் அவர் பொய் சொல்லப்போவதில்லை. அழிந்திருக்கிறது என்பார், சர்வே படத்தைக் காட்டுவார். அதோடு முடிந்துவிடும். உம்மா எதையும் சொல்ல வேண்டிய தேவையே வராது. மாமாவிடமே கொடுத்துவிடலாம் என்றுதான் பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது மாமா கூடத்தில் காத்திருந்தார். கையை நீட்டினார். நான் அவரைக் கடந்து சமையலறைக்குப் போய் உம்மாவிடம் கொடுத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மாமாவின் நீட்டிய கை அப்படியே இருந்ததை மட்டும் திரும்பிப் பார்த்தேன்.

உம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தெற்கு எல்லை அழிந்துவிட்டது உம்மா என்று சொன்னேன். பார்த்தேன் என்றார். மடித்து மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினார். விசாரணைக்குப் பதினொரு நாள் இருந்தது. அந்தப் பதினொரு நாளும் உம்மா அதைப் பற்றி யாரோடும் பேசவில்லை. இரண்டு தடவை குழம்பில் உப்புப் போட மறந்தார்.

விசாரணை ஓ.டி.யிலேயே ஒரு மாடிக் கட்டடத்தில் நடந்தது. அதிகாரி ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அக்கரையிலிருந்து தைலம்மாளோடு முப்பது நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். உட்கார இடமில்லாமல் மாடிப்படி முழுக்க நின்றார்கள்.

மாமா நன்றாகவே பேசினார். நியாயமாகவும் பேசினார். சீட்டில் ஒரு வார்த்தை அழிந்திருக்கிறது என்பதை அவரே முதலில் சொன்னார். சர்வே படத்தைக் காட்டினார். இத்தனை காலம் இந்த ஜனங்கள் நடந்தது எங்கள் குடும்பம் மனதார விட்டுக்கொடுத்ததால்தான் என்றார். தைலம்மாளைக் கேட்டபோது, தான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தப் படியில்தான் தோணி கட்டுவதாகச் சொன்னாள். அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார் அதிகாரி. அவள் சின்னம்மாளைத் திரும்பிப் பார்த்தாள்.

மாமாவின் மனுவில் இன்னொரு பங்குதாரர் என்ற முறையில் உம்மாவும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதிகாரி பேனாவை நீட்டினார். உம்மா பேனாவை வாங்கி மேஜை மேல் வைத்தார்.

"ஒண்ணு சொல்லணுங்க. இந்தச் சீட்டை எங்க வாப்பா எனக்குப் படிச்சுக் காட்டியிருக்காரு. எனக்கு அப்ப பதிமூணு வயசு. அழிஞ்சிருக்கற எடத்துல 'பொது'ன்னு இருந்திச்சு. தோணித்துறைக்குப் போகும் பொது வழி. அந்தச் சந்து எங்களுது இல்லீங்க."

உங்கள் பங்கும் சேர்ந்துதான் குறையும், தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியுங்க என்றார் உம்மா. பர்தாவுக்குள் கை விரல்களைப் பின்னிக்கொண்டிருந்தார்.

அதிகாரி மாமாவைப் பார்த்தார். இந்தச் சாட்சியை ஏற்றுக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்டார். மறுக்க மாமாவுக்கு எல்லா வழியும் இருந்தது. ஐம்பது வருடத்துக் காகிதம். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு சிறுமி காதில் கேட்ட வார்த்தை. அவர் எதிரே இருந்த சர்வே படத்தைக் கையில் எடுத்தார்.

"லாத்தா பொய் சொல்ல மாட்டாங்க" என்றார். படத்தைச் சுருட்டிக்கொண்டு மாடிப்படியில் நின்ற பெண்களின் நடுவே இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு மாமா உம்மாவோடு பேசவில்லை. உம்மா வீட்டைப் பிரித்தார். கடைத்தெருவைப் பார்த்த மேற்குப் பாதி நல்ல பாதி. கூடம் அங்கேதான் இருந்தது. அதை மாமாவுக்கு விட்டுவிட்டு, ஆற்றுப்பக்கம் ஓதமடித்த பாதியை நாங்கள் வைத்துக்கொண்டோம். கொத்தனார் கலியமூர்த்தி நடுவில் சுவர் வைத்து, அந்தப் பச்சைக் கதவை மாமாவின் தெருவாசலில் மாட்டிக் கொடுத்தார். உம்மாதான் அதைச் சொல்லிச் செய்ய வைத்தது. நான் ஊரிலிருக்கும் நாட்களில் மூன்று வேளையும் தட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டுவேன். மற்ற நாட்களில் சின்னம்மாள் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாமா வாங்கிக்கொள்வார். தட்டைக் கழுவித் திருப்பித் தருவார். குழம்பு நன்றாக இருந்தது என்று உம்மாவிடம் சொல் என்பார். நீங்களே சொல்லுங்களேன் என்பேன். கதவு மூடிக்கொள்ளும்.

தோணித்துறை பட்டியலில் சேர்ந்தது. படிக்குப் பக்கத்தில் நீலப் பலகை ஒன்று நட்டார்கள். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மட்டும். ஒரு படகு பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது. வலை காயப்போடக்கூடாது. வழியில் எதையும் நிறுத்தி வைக்கக்கூடாது. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள சாமிக்கண்ணு என்று ஒரு காவலர் விசிலோடு வந்து உட்கார்ந்தார்.

தைலம்மாளுக்கு மணி பார்க்கத் தெரியாது. எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. தோணியைக் கட்டியதும் படியிலிருந்தே கத்துவாள்: "பாயம்மா, வந்துட்டேன்!" உம்மா கடிகாரத்தைப் பார்த்து மனதில் வைத்துக்கொள்வார். வெங்காயம் அரிந்துகொண்டோ, அரிசி களைந்துகொண்டோ, அவ்வப்போது ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பார். "அஞ்சு ஆச்சு தைலம்மா." "பத்து ஆச்சு." பன்னிரண்டு ஆனதும் அக்கரைக்குப் போகிற பெண்கள் சந்தில் ஓடி வருவார்கள். சாமிக்கண்ணு கொஞ்ச நாளில் கைக்கடிகாரம் கட்டுவதையே விட்டுவிட்டார். பாயம்மா சொன்னால் விசில் ஊதுவார். உம்மாவுக்குத் தொழுகை நேரம் வந்துவிட்டால் தோணிக்கு இரண்டு மூன்று நிமிடம் கூடக் கிடைக்கும். அதற்கு யாரும் ஆட்சேபணை சொன்னதில்லை.

நான் கேட்ட குரல்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சிதம்பரத்தில் மாமி வீட்டில் படித்துக்கொண்டிருக்கும்போது, காரணமே இல்லாமல், "பத்து ஆச்சு" என்று காதில் விழும். ஊருக்கு வந்த சனிக்கிழமைகளில் வேண்டுமென்றே சமையலறையில் உட்கார்ந்துதான் படிப்பேன்.

இப்படி மூன்று வருடம் போனது. 2011 டிசம்பர் கடைசியில் புயல் வருகிறது என்றார்கள். இருபத்தொன்பதாம் தேதி மதியமே வானம் கறுத்துக் காற்று மாறிவிட்டது. அக்கரையில் தோணியை ஏற்றி வைக்க மேடான இடம் கிடையாது. தைலம்மாள் வெறும் தோணியோடு வந்து எங்கள் படியில் நின்றாள். சந்துக்குள் ஏற்றி வைத்துக்கொள்கிறேனே என்று சாமிக்கண்ணுவிடம் கேட்டாள். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் பலகையில் எழுதியிருக்கிறதே என்று தயங்கினார். வழியில் நிறுத்தினால் தன் வேலை போய்விடும் என்றார். உம்மாவும் நானும் ஜன்னலில் நின்றோம்.

பச்சைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்தில் நடந்து வந்தார். படியில் இறங்கித் தோணியின் முனையைப் பிடித்தார்.

"பாய், விதி இருக்குங்க" என்றார் சாமிக்கண்ணு.

"பொது வழிதானே? நானும் பொதுஜனந்தான். அந்தப் பக்கம் புடி."

சாமிக்கண்ணு விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு மறுபக்கம் பிடித்தார். கடைத்தெருவிலிருந்து நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். தோணி படியேறி, சந்துக்குள் நுழைந்து, இரண்டு சுவரையும் உரசிக்கொண்டு நடுவில் வந்து நின்றது. மாமாவின் முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. உம்மா ஜன்னல் கம்பி வழியாக மஞ்சளை நீட்டினார். மாமா வாங்கிப் பூசிக்கொண்டார். அன்று அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்தபோது ஊரே அடையாளம் தெரியவில்லை. மரங்கள் எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன. கரண்டு கம்பங்கள் ஒடிந்து தெருவை மறித்துக்கொண்டிருந்தன. ஆற்றில் கட்டியிருந்த படகுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நொறுங்கியிருந்தன. தைலம்மாளின் தோணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மாமாவின் பாதியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை முழுவதும் பறந்துவிட்டது. ஓதமடித்த எங்கள் பாதி மேல்தளம் போட்ட பழைய மெத்தை வீடாக இருந்ததால் நின்றது.

நனைந்த பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். உம்மா கதவைத் திறந்தார்.

"லாத்தா, தீப்பெட்டி இருக்கா? என்னுது எல்லாம் நனைஞ்சு போச்சு."

"உள்ள வா. சாயா போடுறேன்" என்றார் உம்மா.

கூரை போட ஆள் கிடைக்க ஒன்றரை மாதம் ஆனது. ஜில்லா முழுவதும் கூரை இல்லாமல் கிடந்தது. அதுவரை மாமா எங்களோடுதான் இருந்தார். ஆறு கிலோ அரிசிச் சோறு ஆக்கி அக்கரைக்கு அனுப்பிய நாட்களில் உம்மாவும் மாமாவும் ஒரே அடுப்பின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தீ ஊதுவார்கள். விசாரணையைப் பற்றிப் பேசினார்களா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

2012இல் எனக்குச் சிதம்பரத்திலேயே ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. மாப்பிள்ளையும் அந்த ஊர்தான், சுஹைப் என்று பெயர். நிக்காஹ் நாள் குறித்தாகிவிட்டது. ஊரை விட்டுப் போகுமுன் ஒருமுறை அக்கரைக்குப் போய்விட்டு வரலாம் என்று உம்மாவிடம் கேட்டேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, உம்மா பிறந்ததிலிருந்து அந்தத் தோணியில் ஒருமுறைகூட ஏறியதில்லை. யாரும் கூப்பிடவில்லை, தனக்கும் அங்கே ஒரு வேலையும் இருந்ததில்லை என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போனோம். தைலம்மாள் தோணியின் நடுவில் ஒரு பலகையைத் துடைத்துப் போட்டு உம்மாவை உட்கார வைத்தாள். உம்மா என் கையை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். ஆற்றின் நடுவே வந்ததும் திரும்பி வீட்டைப் பார்த்தார். பின்சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து திட்டுத்திட்டாகத் தெரிந்தது. ஜன்னலில் அவருடைய ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது. இதையா தினமும் எல்லோரும் பார்த்துக்கொண்டு வருகிறீர்கள் என்று தைலம்மாளிடம் கேட்டார். வெள்ளையடிக்கச் சொல்லி மாமாவிடம் சொல்ல வேண்டும் என்றார்.

அக்கரையில் இறங்கியபோது கரையில் கூட்டம் கூடிவிட்டது. எல்லாம் தெரிந்த முகங்கள்தான். எங்கள் சுவரை உரசிக்கொண்டு நடந்த முகங்கள். பாயம்மா வந்திருக்காங்க என்று பிள்ளைகள் மணலில் முன்னால் ஓடினார்கள். சின்னம்மாள் வீட்டில் வஞ்சிரம் வறுத்துக் கொடுத்தார்கள். அமிர்தம் என்ற பெண் வீட்டில் சாயா. தைலம்மாள் வீட்டில் மறுபடியும் சோறு. வேண்டாம் என்று சொல்ல உம்மாவுக்குத் தெரியவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் போய் உட்கார்ந்தார்.

வெயில் சாய்ந்து நாங்கள் கிளம்பும்போது நான்காவது வீட்டுக்காரி ஞானாம்பாள் கோபித்துக்கொண்டு வாசலை மறித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை முதலில் அவள் வீட்டுக்குத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டு, உம்மா தைலம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு தோணியில் ஏறினார்.